சம்மன்காரர் எடுத்த சாரல் லீவு

தென்காசி கோர்ட்டுக்கு மே மாதம் விடுமுறை. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்குவது ஜூன் மாதம். இந்த இரண்டு தேதிகளையும் வகுத்தவர்களை ஓர் அறைக்குள் போட்டுப் பூட்டி, ஒத்துப்போகிற வரை சோறு தண்ணி கொடுக்கக் கூடாது என்று சிவசைலம் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் வெள்ளைக்கார ஜட்ஜாக இருக்கலாம், இன்னொருவர் குற்றாலநாதர் ஆயிற்றே என்று அவர் மனைவி இசக்கி எடுத்துச் சொன்னால், இருந்தால் என்ன, இரண்டு பேரும் மனுஷனைப் படுத்துகிறவர்கள்தான் என்பார்.

சிவசைலம் அந்தக் கோர்ட்டில் சம்மன் சேவகர். வழக்கில் பெயர் வந்த ஆளை ஊர் ஊராகத் தேடிப் போய், கோர்ட் காகிதத்தைக் கையில் கொடுத்து, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கி வருவது அவர் உத்தியோகம். இலத்தூர், கீழப்பாவூர், வடக்கே வாசுதேவநல்லூர் என்று பஸ் வந்த பிறகும் முக்கால்வாசி நடைதான். விடுமுறை கிடைக்கிற மே மாதத்தில் குற்றாலம் போனால் பெரிய அருவி இருக்கும் இடத்தில் வெறும் பாறை இருக்கும். குரங்குகள் அதில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கும். ஜூனில் கோர்ட் திறந்த அதே வாரம் மேற்கே மேகம் இறங்கும், சாரல் அடிக்கும், மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஜனங்கள் எண்ணெய்ச் சீசாவோடு வந்து இறங்குவார்கள். இவர் தோள்பையில் சம்மன் கட்டோடு அவர்களுக்கு எதிர்த் திசையில் நடந்துகொண்டிருப்பார். மூன்று மைல் தூரத்தில் அருவியை வைத்துக்கொண்டு, ஒரு சீசனிலாவது ஆற அமர நின்று குளித்தவரில்லை. போகிற வழியில் தலையை நீட்டிவிட்டு ஓடி வந்ததெல்லாம் குளியலில் சேருமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம். அதுவரை இந்த முழங்கால் தாங்காது என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. கல்படி ஏறினால் கதவுக் கீல் மாதிரி சத்தம் போட்டது. ஆகவே ஆனி மாதக் கடைசியிலிருந்து இரண்டு மாதம் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார்.

சேவகர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நாசர் உத்தியோகத்தில் இருந்த சங்கரநாராயணன், வயதில் பத்து வருஷம் இளையவர். மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, காரணம் எழுதவில்லையே என்றார். குளிக்க வேண்டும் என்றார் சிவசைலம்.

"ஏன்வே, ஒம்ம வீட்டுக் கெணத்துல தண்ணி இல்லையா?" என்றார் நாசர்.

சிவசைலத்துக்கு வந்த ஆத்திரத்தில் தோளில் மாட்டும் டவாலிப் பட்டையையும் கோர்ட் பித்தளை வில்லையையும் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டார். லீவில் போகிறவர் எப்படியும் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் அந்தக் கோபம் வீணாகவில்லை. மனுவும் மேலே போய்க் கையெழுத்தாகி வந்தது. அவர் இடத்தில் ஆக்டிங்காகப் போட்டது தங்கசாமி என்ற ஆளை. பழைய கட்டுகள் அடுக்குகிற அறையில் பதினைந்து வருஷம் உட்கார்ந்து தொப்பை வளர்த்தவன், வெயில் பட்டால் தலைவலி என்பவன்.

நாசர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. சிவசைலம் கையில் போன காகிதம் சேராமல் திரும்பியதே கிடையாது. மற்ற சேவகர்கள் வாரத்துக்கு நாலு காகிதத்தின் பின்னால் 'தேடியும் ஆள் அகப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சர்வீஸில் ஒரு தடவைகூட அதை எழுதியதில்லை. எழுதுகிறவனைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

எந்த ஊருக்குப் போனாலும் வாசலுக்கு வருவது பெண்கள்தான். சொல்வதும் ஒன்றுதான். "அவுக ஊர்ல இல்ல. வடக்க போயிருக்காக." சிவசைலம் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்ப்பார். வடக்கே போகிறவன் செருப்பை விட்டுவிட்டா போவான்? வாதாடாமல் சரி என்று திரும்பி நடப்பார். தெருமுனைக்குப் போனதும் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். ஒளிந்திருந்தவன் அந்த நேரத்தில்தான் கதவிடுக்கில் தலையை நீட்டுவான். அதோடு ஆள் அகப்பட்டான். அகப்பட்டும் வாங்க மறுத்தால், இரண்டு சாட்சி வைத்து, பசை தடவிக் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிடுவார். ஒட்டினாலும் சட்டப்படி சேர்ந்த மாதிரிதான்.

வாசுதேவநல்லூரில் ஒருவர் எட்டு மாதம் டிமிக்கி கொடுத்தார். சிவசைலம் வில்லையை மடியில் செருகிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்த தட்டோடு போய், உங்கள் பையனுக்குத் தென்காசியில் ஒரு பெண் இருக்கிறது என்றார். அடுக்களைக்குப் பின்னாலிருந்து அந்த மனிதர் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய வந்து தட்டை வாங்கினார். வெற்றிலைக்கு அடியில் சம்மன் இருந்தது. இந்தக் கதை தாலுகா முழுக்கப் பரவியதில் சிவசைலத்துக்கு அப்போது பெருமை.

அந்தப் பெருமைக்கு லீவில்தான் வட்டியும் முதலுமாக அனுபவித்தார்.

லீவின் மூன்றாம் நாள் கீழப்பாவூரில் இசக்கியின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குக் கல்யாணம். இருபத்தெட்டு வருஷத்தில் சாவகாசமாகப் போகும் முதல் கல்யாணம் என்று வேட்டியை வெளுக்கப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். பந்தலுக்குள் கால் வைத்தவுடன் மேளக்காரரைத் தவிர எல்லாருடைய பேச்சும் நின்றது. பந்தியில் இடப்பக்கத்து இலைக்காரர் பாதிச் சோற்றில் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. வலப்பக்கத்துக்காரர் பாயசம் வரை தாங்கினார். மாப்பிள்ளையின் சித்தப்பா, தாலி கட்டுகிற நேரத்தில் மாட்டுத் தொழுவத்தில் வைக்கோலுக்குள் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. பெண் வீட்டார் இசக்கியைத் தனியாக அழைத்து, யாருக்கு வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் இல்லை, லீவில் இருக்கிறார் என்று அவள் சத்தியம் செய்தாள். வில்லை இல்லாமல் வந்திருக்கிறாரே, அதுதான் பயமாக இருக்கிறது என்றார்கள்.

ஊருக்கு வந்தும் அதே கூத்து. சவரக் கடையில் உட்கார்ந்தால் வரிசையில் இருந்தவர்கள் அரைத் தாடியோடு எழுந்து போனார்கள். லீவு, லீவு என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா திரிய முடியும் என்று அவர் இசக்கியிடம் கத்தினார். எழுதி ஒட்டினால் அதையும் சம்மன் என்றுதான் நினைப்பார்கள் என்றாள் அவள்.

போதாக்குறைக்குத் தங்கசாமி. குற்றாலத்தில் ஆடி மாதத்துக்கு ஓர் அறை பிடித்து, சிவசைலம் இசக்கியோடு அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே அவன் மழையில் நனைந்த கோழியாக வந்து நின்றான். ஒரு காகிதம்கூடச் சேரவில்லை, எல்லா வீட்டிலும் ஆள் வடக்கே போயிருக்கிறார்களாம், அப்படி வடக்கே என்னதான் இருக்கிறது என்று அழாக்குறையாகக் கேட்டான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பியவர் எரிச்சலில் நின்ற வாக்கிலேயே பாடம் சொன்னார்.

"மூஞ்சியப் பாக்காதலே, செருப்பப் பாரு. திரும்பிப் போற மாதிரிப் போயி, மொனையில நின்னு ஒருக்கத் திரும்பிப் பாரு. இதுக்குமேல என்கிட்ட வராத."

மறுபடியும் இரண்டு தடவை வந்தான். ஒரு தடவை பாதிக் குளியலில் வந்து கரையில் நின்று கைதட்டிக் கூப்பிட்டான். வேலையை விட்டு ஓய்ந்திருக்க வந்த இடத்தில் வேலையே வேட்டி கட்டிக்கொண்டு பின்னால் வருகிறதே என்று சிவசைலத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். லீவு எடுத்தது முழங்காலுக்கு மட்டும் அல்ல. நாசரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது இலத்தூரில் இருந்தது, அவர் அக்கா ஆவுடைத்தாய்.

அம்மா போன பிறகு சிவசைலத்தை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் ஆவுடைத்தாய். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் தளவாய்மேல், தளவாயின் அண்ணனே பொதுக் கிணற்றுத் தண்ணீரைப் பங்கு பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டார். இலத்தூர் சிவசைலத்தின் சரகம் என்பதால் காகிதம் இவர் கைக்கு வந்தது. சொந்த அத்தான், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதைய நாசர் மாற்றிக் கொடுத்திருப்பார். சிவசைலம் சொல்லவில்லை. தன் கையில் வந்த காகிதம் இன்னொருவன் கையால் சேருவதா என்ற திமிர்தான், வேறொன்றும் இல்லை. இதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள நாலு வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு வாசலுக்கு வந்த ஆவுடைத்தாய், தம்பி முகத்தைப் பார்த்து, அவுக ஊர்ல இல்லலே என்றாள். சொல்லும்போதே கண்ணால் கெஞ்சினாள். அவர் செருப்பைப் பார்த்தார். தளவாய் அத்தானின் வார் அறுந்து தைத்த செருப்பு. சரி என்று நடந்தார், தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். வைக்கோல் படப்பிலிருந்து அத்தான் இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கொடுத்தார், அத்தான் வாங்கவில்லை. இரண்டு சாட்சி வைத்துக் கதவில் ஒட்டினார். ஊரில் இல்லை என்று பெண்டாட்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வீம்பில் தளவாய் கோர்ட்டுக்கே போகவில்லை. அவர் இல்லாமலே தீர்ப்பாகி, வாரத்தில் நாலு நாள் இருந்த தண்ணீர் ஒரு நாள் ஆயிற்று. வயல் பாதி தரிசாகப் போனது.

அதிலிருந்து பிறந்த வீட்டுப் பொங்கப்படியை அக்கா வாங்கவில்லை. தை பிறக்கும் முன் பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு எல்லாம் வண்டியில் போகும், அதே வண்டியில் திரும்பி வரும். பதினோரு வருஷம். திரும்பி வந்த அரிசியை இசக்கி பொங்கி வைக்க, சிவசைலம் அதைத் தின்ன முடியாமல் தின்பார். கோர்ட் காகிதத்தில் ஒன்றுகூடத் திரும்பியதில்லை, வீட்டுச் சீர் ஒன்றுகூடச் சேர்ந்ததில்லை.

வேலையில் இருக்கும்வரை எந்த முகத்தோடு போனாலும் சம்மன்காரன் முகம்தான். லீவில், வில்லை இல்லாமல், வெறும் தம்பியாகப் போனால் கதவு திறக்கும் என்று நம்பினார். அக்காவையும் அத்தானையும் குற்றாலத்துக்கு அழைத்து வந்து ஒரு நாளாவது உடன் வைத்துச் சோறு போட வேண்டும். பென்ஷனான பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்றாள் இசக்கி. அக்காவுக்கு அறுபது நடக்கிறது, அவள் என் பென்ஷனுக்காகக் காத்திருக்கப் போகிறாளா என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினார்.

ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் இலத்தூர் தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டன. அக்கா வீட்டுக் கதவு கடைசியாகச் சாத்தியது. தட்டினார்.

"அவுக ஊர்ல இல்ல" என்றது உள்ளே குரல்.

"நான் அத்தானத் தேடி வரல யக்கா. ஒன்னியத் தேடித்தான் வந்திருக்கேன்."

"நானும் ஊர்ல இல்ல."

சிவசைலம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு கண், பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஒரு தலை. இன்னொரு மணி நேரம் போனபோது பொறுமை போய்விட்டது. எழுந்து சட்டையைக் கழற்றி உதறினார். துண்டை உதறினார். மடியை அவிழ்த்துக் காட்டினார். பையைக் கவிழ்த்துத் தட்டினார், ஒரு பொடி டப்பி விழுந்தது. பாத்துக்கிடுங்க, எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க என்று தெருவைச் சுற்றிக் கையைக் காட்டினார். சர்க்கார் சேவகர் ஒருவர் நடுத்தெருவில் சட்டையில்லாமல் நின்று குதிப்பதை இலத்தூர் அன்றுதான் பார்த்தது.

கதவு திறந்தது. அக்காவுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. அது தெரியாமலே பதினோரு வருஷம் போயிருக்கிறது.

"வில்ல எங்க?" என்றாள்.

நாசர் மேசையில் கிடக்கிறது என்றார். அவள் நம்பவில்லை. பலாப்பழத்தை உள்ளே கொண்டு போய் அரிவாளால் பிளந்து, சுளை சுளையாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரை உள்ளே விட்டாள். தளவாய் பரணிலிருந்து இறங்கி வந்து, எதிரில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றார். அவருக்கு மண்டைச் சூடு, ராத்திரி தூக்கமில்லை என்றாள் அக்கா. அதற்குத்தான் அருவி இருக்கிறது, ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றார் சிவசைலம்.

ஆவுடைத்தாய் பலாக்கொட்டைகளைப் பொறுக்கிக் குவித்துவிட்டுச் சொன்னாள்.

"வாரோம். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. அங்கன வச்சு ஒரு காயிதம் வந்துச்சுன்னா, நான் செத்தாலும் பொறந்த வீட்டுக் கோடின்னு நீ சேல எடுத்துட்டு வரப்படாது. வாசல்லயே ஒன்னத் திருப்பி அனுப்பச் சொல்லி எம் பிள்ளைகள்ட்டச் சொல்லி வச்சிருவேன்."

தம்பி கொண்டு வருகிற கோடிச் சேலை இல்லாமல் எந்தப் பெண்ணும் சுடுகாடு போக மாட்டாள். வராது யக்கா என்றார். வேறு என்ன சொல்ல?

ஆடி முதல் வெள்ளி. பொடி மழையாகச் சாரல். பெரிய அருவி நிறைந்து, ஆனால் மிரட்டாமல் விழுந்தது. பெண்கள் பக்கம் அக்காவும் இசக்கியும் முதலிலேயே குளித்துவிட்டு, ஆண்கள் ஏறி வருகிற வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து துணிமணிகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருந்தார்கள். சிவசைலம் அத்தானுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். தளவாய் காலையிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அருவிக்குள் போய்க் கால் மணி நேரம் நின்ற பிறகு அவரே சிவசைலத்தின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இங்கன வந்து நில்லு. இங்கனதான் தண்ணி கட்டியா விழுது" என்றார்.

சிவசைலம் அங்கே போய் நின்றார். மண்டையில் தண்ணீர் இடித்தது, முழங்கால் மறந்துபோயிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு நிமிஷம் வாய்த்ததில்லை. அது ஒரு நிமிஷம்தான்.

படிக்கட்டில் ஒரு பித்தளை வில்லை மின்னியது. தங்கசாமி, டவாலியும் தொப்பையுமாக, கையில் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இறங்கி வந்தான். உள்ளூர்க்காரர்கள் ஈரத் துணியோடு நாலு திசையும் கலைந்தார்கள். ஒருவர் எண்ணெய்ச் சீசாவை விட்டுவிட்டு மரத்தில் ஏறினார். ஒன்றும் புரியாத மதுரைக்காரர்கள், நல்லவேளையாக இடம் கிடைத்தது என்று இன்னும் உள்ளே நகர்ந்து நின்றார்கள். தளவாய் அருவிக்குள் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார். ஆவுடைத்தாய் எழுந்து நின்றாள். அவள் முகம் பதினோரு வருஷத்துக்கு முந்தைய முகமாக மாறியிருந்தது. அவள் தங்கசாமியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள்.

சிவசைலத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. ஈரம் சொட்டச் சொட்ட வெளியே பாய்ந்து வந்து தங்கசாமியின் டவாலியைப் பிடித்தார்.

"யாருக்குலே?"

"ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்றான் அவன்.

லீவு ரத்து. நாற்பத்தொரு காகிதம் சேராமல் திரும்பியிருக்கிறது, மேலிடத்தில் கேட்கிறார்கள், நாளைக் காலை பத்தரைக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று நாசர் உத்தரவு. நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். இதையாவது சேர்த்துவிட்டால் என் வேலை தப்பும் என்று தங்கசாமி மூச்சு வாங்கினான்.

கிணற்றுத் தண்ணீர் கேலியிலிருந்து நாற்பத்தொரு காகிதம் வரை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டச் சிவசைலம் வாயைத் திறந்தார். ஆனால் இருபத்தெட்டு வருஷப் பழக்கம், உத்தரவு என்றதும் கை தானாக நீண்டது. பாதி வழி போய் நின்றது. காதில் விழுந்தது சேர்ப்பு ஆகாது, கையில் வாங்கினால்தான் ஆகும். தாலுகாவில் இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? கையை மடக்கிக்கொண்டார். ஓர் அடி பின்னால் வைத்தார், இன்னோர் அடி வைத்தார். நடந்து போய் அருவிக்குள் அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டார்.

தங்கசாமி கரை ஓரம் வரை வந்தான். அதற்கு மேல் வந்தால் காகிதம் கூழாகிவிடும். வெளியே வாங்க அண்ணாச்சி, மை கலைந்தால் நாசர் என்னைக் கொன்றுவிடுவார் என்று கெஞ்சினான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காத மாதிரி சிவசைலம் கண்ணை மூடிக்கொண்டார். ஒட்டிவிட்டுப் போகலாம் என்றால் அருவிக்கு ஏது கதவு? வேறு வழியில்லாமல் தங்கசாமி பாறைமேல் நின்ற ஆவுடைத்தாயிடம் திரும்பினான். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டான். யக்கா, சிவசைலம் அண்ணாச்சியக் கொஞ்சம் கூப்பிடுங்க என்றான். கேட்டுக்கொண்டே, சொல்லிக்கொடுத்த பாடம் நினைவுக்கு வந்து, அவன் கண் கீழே போனது.

கீழே இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஆவுடைத்தாய் பிழிந்து கையில் வைத்திருந்த ஈரச் சேலையை அவற்றின்மேல் போட்டாள்.

"எந் தம்பி ஊர்ல இல்ல" என்றாள். "வடக்க போயிருக்கான்."

அருவிக்குள் நின்றவருக்கு அந்தச் சத்தத்திலும் அது கேட்டது. தன் வாழ்க்கையில் ஆயிரம் வாசலில் கேட்டு ஆயிரம் தடவை எரிச்சல்பட்ட பொய் அது. அது தனக்காகச் சொல்லப்பட்டபோது சிவசைலம் அழுதார். அழுதது தளவாய்க்குக்கூடத் தெரிந்திருக்காது, அவ்வளவு தண்ணீர்.

தங்கசாமி அருவியைப் பார்த்தான். சேலைக் குவியலைப் பார்த்தான். கிழவி முகத்தைப் பார்த்தான். வேலைக்கு லாயக்கில்லாதவன்தான், ஆனால் அக்கா தங்கையோடு பிறந்தவன். காது மடலிலிருந்து பென்சிலை எடுத்து, காகிதத்தின் பின்னால் 'தேடியும் ஆள் அகப்படவில்லை' என்று எழுதி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியேறினான். இது எத்தனை நாள் ஓடும்? நாலு நாள் ஓடும், மிஞ்சினால் ஒரு வாரம். பிறகு நாசர் வேறு உத்தரவு போடுவார், அதையும் சட்டப்படி சேர்க்கத்தான் வேண்டும்.

தளவாய் சிவசைலத்தின் காதோடு வாயை வைத்து, போயிட்டானா, வெளிய வரலாமா என்று கேட்டார். சிவசைலம் அத்தானின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வராதீக அத்தான். மேல போயி நின்னு ஒருக்கத் திரும்பிப் பாப்பான்."